சிலபஸ் ஒன்று, வகுப்பறை வேறு: மருத்துவக் கல்லூரி தேர்வில் 'எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்பதைப் பார்ப்பது எப்படி?

நீட் தரவரிசைப் பட்டியல் வெளியான அன்று மாலையே பல வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கப்பட்டுவிடும். போன வருட கட்-ஆஃப், இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியான இடங்கள், கட்டணம், ஊரிலிருந்து பஸ்ஸில் எத்தனை மணி நேரம், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று எல்லாம் அதில் ஏறும். "அங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கறாங்க?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் ஏறாது. யாராவது கேட்டாலும், "எங்க படிச்சாலும் எம்பிபிஎஸ்தானே, சிலபஸ் ஒண்ணுதானே" என்று பதில் வந்துவிடும்.

சீட் கிடைப்பதே பெரும்பாடு என்கிற நிலையில் இந்தப் பதிலைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான 15% இடங்களானாலும் சரி, மாநில ஒதுக்கீட்டின் 85% ஆனாலும் சரி, கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி மாணவரேதான் அடுக்க வேண்டும். உங்கள் ரேங்க் வரும்போது அந்த வரிசையில் மேலே காலியாக இருக்கும் கல்லூரி உங்களுக்கு வந்துவிடும். அருகருகே கட்-ஆஃப் உள்ள நான்கைந்து கல்லூரிகளில் எதை மேலே போடுவது என்பதை முடிவுசெய்ய, பெயரும் தூரமும் மட்டும் போதாது. ஒருமுறை சேர்ந்துவிட்டால் நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் என ஐந்தரை ஆண்டுகள் அங்கேதான். நடுவில் 'டிஸ்கன்டினியூ' செய்தால் அபராதம், மாற்றிக்கொண்டு போவதோ எளிதல்ல.

சிலபஸ் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கே வருகிறது?

2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்தியா முழுவதும் 'திறன் அடிப்படையிலான' எம்பிபிஎஸ் பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. என்ன படித்தார் என்பதைவிட, படித்து முடித்தவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் திட்டம் இது. சிகிச்சை அளிப்பவர், குழுவை வழிநடத்துபவர், நோயாளியிடம் பேசத் தெரிந்தவர், வாழ்நாள் முழுக்கக் கற்பவர், தொழில் நெறி உள்ளவர் என ஐந்து பாத்திரங்களை அது மருத்துவருக்கு வகுக்கிறது. முதலாம் ஆண்டிலேயே நோயாளிகளைச் சந்திக்க வைக்க வேண்டும். மருத்துவ அறத்தையும் உரையாடலையும் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும். ஒவ்வொரு செயல்முறையையும் லாக் புக்கில் பதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம்விட முக்கியமான ஒரு வரி அந்த விதிமுறையில் உண்டு. மேடையில் நின்று ஒருவர் பேச, மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் லெக்சர் வகுப்புகள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதி எல்லாம் கலந்துரையாடல், செய்முறை, வார்டு.

காகிதத்தில் இது எல்லாக் கல்லூரிக்கும் பொது. வித்தியாசம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. 'சிறு குழு விவாதம்' என்று டைம்டேபிளில் போட்டிருக்கும். உள்ளே போனால் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் பிபிடி ஓட்டிக்கொண்டிருப்பார். முதலாம் ஆண்டில் நோயாளியைச் சந்திப்பது ஒரு கல்லூரியில் நிஜமாகவே வார்டுக்குப் போவது. இன்னொன்றில் லெக்சர் ஹாலில் வீடியோ பார்ப்பது. லாக் புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போடும் உதவிப் பேராசிரியரும் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் மொத்தமாகப் போட்டுத் தள்ளும் வழக்கமும் உண்டு. விதி ஒன்றுதான், அதை ஆசிரியர்கள் எவ்வளவு நம்புகிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது.

தேர்விலும் ஒரு வித்தியாசம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசுக் கல்லூரிகளும் பல தனியார் கல்லூரிகளும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அங்கே எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. எனவே 'எங்கள் தேர்ச்சி விகிதம்' என்று விளம்பரத்தில் வரும் எண்களை அப்படியே அடுத்தடுத்து வைத்து ஒப்பிட முடியாது.

ஹாலிலிருந்து வார்டுக்கு

கற்பிக்கும் முறை பற்றிய சண்டை மருத்துவத்தில் பழையது. 1893-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் போய் நோயாளிகளைப் பொறுப்பாகப் பார்க்க வைத்தவர் வில்லியம் ஆஸ்லர். இன்றைக்கு நம் ஊர் மாணவர் கழுத்தில் ஸ்டெத் மாட்டிக்கொண்டு 'கேஸ் எடுக்க'ப் போகிறாரே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, ஆய்வகமும் ஆஸ்பத்திரியும் இல்லாத பள்ளிகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதற்குப் பிறகு அங்கே பல பள்ளிகள் மூடப்பட்டன.

முதலில் அடிப்படை அறிவியல், பிறகு நோயாளி என்ற வரிசை அப்போது உறுதிப்பட்டது. அதைத் தலைகீழாகப் புரட்டியது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 1969-ல் முதல் வகுப்பு சேர்ந்தபோது, லெக்சர்களை ஓரங்கட்டிவிட்டு, சிறு குழுவிடம் ஒரு நோயாளியின் பிரச்சினையைக் கொடுத்தார்கள். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, ஏன்? அதற்கான உடற்கூறு, உடலியங்கியல், மருந்து எல்லாவற்றையும் மாணவர்களே தேடிப் படித்து வந்து பேச வேண்டும். ஆசிரியர் வழிகாட்டியாக மட்டும் உட்கார்ந்திருப்பார். 'பிரச்சினை வழிக் கற்றல்' எனப்படும் இந்த முறையை 1974-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் எடுத்துக்கொண்டது. 1985-ல் ஹார்வர்டும் தன் பாடத்திட்டத்தை இதையொட்டி மாற்றத் தொடங்கியது.

இது பழைய முறையைவிட மேலானதா? சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, இந்த முறையில் படித்து வெளியே வந்த மருத்துவர்களிடம் உரையாடல் திறன், நிச்சயமில்லாத சூழலைச் சமாளிப்பது போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. பாட அறிவில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது லெக்சரில் படித்தவர்கள் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் எதிரே இருப்பவர் சொல்வது புத்தகத்தோடு ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்கிற பழக்கம் விவாதத்தில்தான் வருகிறது போலும்.

'நான் கேட்டுப் படிக்கிற ஆள்' என்பது சரியா?

கல்லூரி தேடும் மாணவர்கள் சிலர், "எனக்கு லெக்சர்தான் செட் ஆகும், குரூப் டிஸ்கஷன்லாம் ஒத்து வராது" என்று சொல்வதுண்டு. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து, அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2008-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதற்கான சான்றுகளைத் தேடிப் பார்த்தார்கள். உருப்படியான சான்று கிடைக்கவில்லை. எனவே இந்தப் பிரிவை வைத்துக் கல்லூரியைத் தேர்வு செய்வதில் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்ல வகுப்பு எது என்று மாணவருக்கே சட்டென்று தெரிவதில்லை. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், அழகாக லெக்சர் கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய குழுவினர் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். பரீட்சை வைத்தபோது அதிக மார்க் வாங்கியது திணறியவர்கள்தான். ஆகவே "அந்தக் காலேஜ்ல சார் நடத்தினா அப்படியே புரியும்" என்று சீனியர் சொன்னால் சந்தோஷப்படலாம். "அங்க தினமும் கேள்வி கேட்டே கொல்றாங்க" என்று சொன்னால், அந்தக் கல்லூரியை வரிசையில் ஒரு படி மேலே தூக்கிப் போடுவது பற்றி யோசிக்கலாம்.

கூட்டமும் கவனிப்பும்

தமிழ்நாட்டு மாணவர் உண்மையில் எதிர்கொள்ளும் தேர்வு இதுதான்: நோயாளிகள் நிறைந்த இடமா, கவனிப்பு நிறைந்த இடமா?

சென்னை மருத்துவக் கல்லூரி (1835-ல் தொடங்கியது), மதுரை போன்ற பெரிய அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். ஓபியில் காலை எட்டு மணிக்கே வரிசை நீண்டிருக்கும். புத்தகத்தில் 'அரிது' என்று போட்டிருக்கும் நோய்கூட ஒரு மாதத்தில் இரண்டு மூன்று வந்துவிடும். இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, அந்த 'மர்மர்' சத்தத்தைத் தன் காதால் கேட்டவருக்கு அது மறக்காது. ஆனால் அதே கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'நீ தொட்டுப் பாரு' என்று சொல்லப் போவதில்லை. தானாக முண்டியடித்து முன்னால் போகிறவர் கற்றுக்கொள்வார்.

நல்ல தனியார் கல்லூரியில் இது வேறு மாதிரி. குழு சிறியது, அட்டவணை ஒழுங்கு, மாதிரி உடல்களில் ஊசி போடவும் தையல் போடவும் பயிற்சிக் கூடம் உண்டு, மாணவருக்கென்று ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. குறை என்னவென்றால், பணம் கட்டி வரும் நோயாளி 'ஸ்டூடண்ட் தொடக் கூடாது' என்று சொல்லிவிடலாம். வேறு சில இடங்களில் நோயாளிகளே குறைவு. படுக்கை எண்ணிக்கைக்கு விதிமுறை இருக்கிறது. ஆனால் மாணவருக்குப் பாடம் சொல்லித் தருவது கட்டிலில் படுத்திருப்பவர்தான், கட்டில் இல்லை. பளபளக்கும் கட்டடத்தையும் ஏசி லெக்சர் ஹாலையும் பார்த்து மயங்கி, வார்டு காலியாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெற்றோர் செய்யும் மிகப் பெரிய தவறு. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிற இடத்தில் இந்தத் தவறு இரட்டிப்பாக வலிக்கும்.

புதிய அரசுக் கல்லூரிகளின் கதை தனி. 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், ராமநாதபுரம், நீலகிரி உள்ளிட்ட 11 இடங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்ட கல்லூரிகளைப் பலர் பட்டியலின் அடியில் தள்ளுகிறார்கள். 'பேர் இல்லை' என்பதுதான் காரணம். ஆனால் இவை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளோடு வந்தவை. நோயாளிக்குப் பஞ்சமில்லை, மாணவர் எண்ணிக்கையும் குறைவு.

இங்கே பிஜி மாணவர்கள் என்ற விஷயத்தையும் பார்க்க வேண்டும். பழைய கல்லூரிகளில் எம்டி, எம்எஸ் படிப்பவர்கள் ஏராளம். தையல், பிரசவம், நெஞ்சில் நீர் எடுப்பது போன்றவை முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். எம்பிபிஎஸ் மாணவர் வேடிக்கை பார்ப்பார். பிஜி குறைவான கல்லூரியில் அதே வேலை ஹவுஸ் சர்ஜன் கைக்கு வரும். அதே சமயம், இரவு இரண்டு மணிக்கு ஈசிஜியை எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவரும் பிஜிதான். பேராசிரியர் அந்நேரம் வீட்டில் இருப்பார். புதிய கல்லூரியில் சேர்பவர் இந்த அண்ணன், அக்காக்கள் இல்லாமல் சமாளிக்க வேண்டியிருக்கும். அங்கே பேராசிரியர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பதும் முக்கியமாகிறது. இடமாறுதலில் ஆசிரியர்கள் போவதும் வருவதுமாக இருந்தால் ஒரு துறையே ஒரு வருடம் தள்ளாடும்.

வார்டில் பேசும் தமிழ்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் இடஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் மருத்துவக் கல்லூரிக்குக் கூடுதலாக வருகிறார்கள். முதல் சில மாதங்கள் இவர்களுக்குக் கஷ்டம்தான். உடற்கூறியலில் ஒரே நாளில் நாற்பது புதிய லத்தீன் பெயர்கள் வரும். ஆங்கிலத்தில் வைவா. தெரிந்த பதிலையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கும் மாணவருக்கு, லெக்சரை மட்டும் நம்பும் கல்லூரி பெரிய சோதனை. சிறு குழுவில், "தமிழ்லயே சொல்லுப்பா, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லலாம்" என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் முதலாம் ஆண்டிலேயே அரியர் விழாமல் தப்பிக்கலாம். இத்தகைய மாணவர்கள் அந்தக் கல்லூரியில் முன்பு படித்திருக்கிறார்களா, அவர்களுக்கென மாலை வகுப்பு ஏதும் நடக்கிறதா என்று விசாரிப்பது பயன்தரும்.

வார்டுக்குப் போனதும் நிலைமை மாறும். "நெஞ்சு கரிக்குது", "மேமூச்சு வாங்குது", "கிறுகிறுன்னு வருது", "அடிவயித்துல பிடிச்சு இழுக்குது" என்று பாட்டி சொல்வதில் எது இதயம், எது வயிறு, எது காது என்று பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். கேஸ் எடுப்பதில் பாதி வேலை அதுதான். நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் இங்கே தடுமாறுவார், கிராமத்துப் பிள்ளை முன்னால் போய்விடும். அகில இந்திய ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுக்கு வரும் வட மாநில மாணவர்கள் இரண்டாம் ஆண்டுக்குள் தமிழ் பேசப் பழகியே ஆக வேண்டியிருப்பதும் இதனால்தான். இங்கிருந்து வெளி மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கும் அதே கதை. அந்த ஊர் மொழி தெரியாமல் நோயாளியிடம் கற்க முடியாது.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்று யோசிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஆங்கில வழி' என்று ஏஜென்ட் சொல்வது வகுப்பறைக்குப் பொருந்தும். ரஷ்யாவில் வார்டில் படுத்திருப்பவர் ரஷ்ய மொழிதான் பேசுவார். அங்கே ஒரு நேரத்தில் ஒரு பாடம், சிறு குழு என்று நல்ல மரபு உண்டு என்றாலும், மொழி வராவிட்டால் நோயாளி முன்னால் ஊமையாக நிற்க வேண்டியதுதான். 2021 நவம்பரில் வந்த இந்திய விதிமுறைப்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் இருக்க வேண்டும்; அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்; திரும்பி வந்து இங்கும் பயிற்சி பெற வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பதிவு கிடைக்காது. பணம் கட்டும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

கிராமமே வகுப்பறை

கற்பிக்கும் முறைக்காகவே பெயர் வாங்கிய கல்லூரிகள் இந்தியாவில் உண்டு. 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய வேலூர் சிஎம்சியில், முதலாம் ஆண்டு மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போய்ப் படிக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையல் எதில், குழந்தைக்கு என்ன ஊட்டுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நோயின் கதை புரியத் தொடங்குகிறது. படித்து முடித்ததும் சேவைக் காலமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் சேவாகிராமில் 1969-ல் தொடங்கிய மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கிறது. பின்னாளில் தேசிய மருத்துவ ஆணையம் எல்லாக் கல்லூரிகளுக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. பஸ்ஸில் போய், போட்டோ எடுத்துத் திரும்புவதாகவும் அது முடியலாம். ஒரே குடும்பத்தின் சர்க்கரை அளவை மூன்று வருடம் பின்தொடர்வதாகவும் அமையலாம். எது நடக்கிறது என்பதைச் சமூக மருத்துவத் துறை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது தீர்மானிக்கும்.

இந்த வகைக் கல்வி எல்லோருக்கும் பிடிக்கும் என்றில்லை. முதல் நாளிலிருந்தே நீட் பிஜி மட்டுமே குறி என்பவருக்கு, 200 கொள்குறி வினாக்கள் கொண்ட அந்தத் தேர்வுக்கும் கிராமத்து வீட்டுக்கும் சம்பந்தம் தெரியாது. கோச்சிங் ஆப்பைத் திறந்து ஹாஸ்டலில் உட்காரவே ஆசை இருக்கும். வருகைப் பதிவு தியரிக்கு 75%, செய்முறைக்கு 80% என்று விதி இருந்தாலும் அதைக் கறாராகப் பார்க்கும் கல்லூரியும் உண்டு, கண்டுகொள்ளாத கல்லூரியும் உண்டு. 'அட்டெண்டன்ஸ் ஃப்ரீ' என்பதைச் சீனியர்கள் வசதியாகச் சொன்னால், அந்த வசதிக்கு விலை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஹவுஸ் சர்ஜன் முதல் நாள் இரவு கேஷுவாலிட்டியில் ஆப் உதவாது.

யாரிடம், என்ன கேட்பது?

கல்லூரி இணையதளத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் ஹாஸ்டலும் ராகிங்கும்தான் சொல்வார். அவர் இன்னும் வார்டைப் பார்த்திருக்க மாட்டார். கேட்க வேண்டியது இறுதியாண்டு மாணவரிடமும் ஹவுஸ் சர்ஜனிடமும். அதுவும் "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றோ "மொக்கை" என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் வரும். எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும். போன வாரம் எத்தனை நாள் பேராசிரியர் வார்டில் பாடம் எடுத்தார்? ஒரு குழுவில் எத்தனை பேர்? கடைசியாக எப்போது நீங்கள் கேஸ் பிரசன்ட் பண்ணினீர்கள், தப்பை யார் திருத்தினார்கள்? டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு மேசைக்கு எத்தனை பேர், கத்தி உங்கள் கைக்கு வந்ததா? எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், அதில் எத்தனையில் கை வைத்தீர்கள்? ஃபெயில் ஆனவருக்கு ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?

ஒருவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். ஹவுஸ் சர்ஜனிடம் இன்னொன்றையும் கேட்கலாம்: நாள் முழுக்க என்ன வேலை? ரத்த மாதிரியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதும் மட்டுமே பதிலாக வந்தால் அங்கே கற்பது குறைவு. "கையெழுத்துப் போட்டுட்டு பிஜிக்குப் படிக்கப் போயிடுவோம்" என்று வந்தால் அதைவிட மோசம்.

நேரில் போக முடிந்தால், அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமை காலை, ஒன்பது மணி வாக்கில். ஓபி சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம், மெடிசின் வார்டில் எத்தனை கட்டில் நிரம்பியிருக்கிறது, வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கட்டிலருகே நிற்கிறார்களா அல்லது கேன்டீனில் இருக்கிறார்களா என்பதை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்குச் சிறப்பு அனுமதி எதுவும் தேவையில்லை. ஓபி வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சாய்ஸ் லாக் செய்வதற்கு முந்தைய வாரம் அதற்குச் சரியான நேரம்.